குத்துக்கல்வலசைக் கொசுவும் ரியாத் மோட்டாரும்

குத்துக்கல்வலசைப் பக்கம் போய் முத்துலட்சுமி வீடு எது என்று கேட்டால் நாலு முத்துலட்சுமி வீட்டைக் காட்டுவார்கள். கொசுக்காரி வீடு எது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் நடக்கப் பழகாத பிள்ளைகூடக் கையை நீட்டும்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. அதில் இருபத்திரண்டு வருடம் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே போய்விட்டது. கடைசியில் முழங்காலை மடக்கினால் நீட்ட வரவில்லை, நீட்டினால் மடக்க வரவில்லை. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சும்மா நடக்க அவளுக்கு மனசு வரவில்லை. நடப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை ஏதாவது உண்டா என்று விசாரித்தாள். இருந்தது. வீடு வீடாகப் போய்த் தண்ணீரில் கொசுப்புழு கிடக்கிறதா என்று பார்க்கிற வேலை.

ஒரு டார்ச் லைட், ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு மருந்து பாட்டில், புழுவைப் பிடித்து வைக்க ஒரு கண்ணாடிப் பாட்டில், வாசல் சுவரில் தேதி எழுத ஒரு பென்சில். எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் அடங்கிவிடும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பினால் தெருவில் அவள் நுழையாத வீடு கிடையாது. மற்றவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் சோபாவைப் பார்ப்பார்கள், டிவியைப் பார்ப்பார்கள். அவள் நேரே போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிவாள். அங்கே அடியில் தண்ணீர் தேங்கும் தட்டு ஒன்று இருப்பதே பாதி வீட்டுக்காரர்களுக்கு அவள் சொல்லித்தான் தெரியும். அப்படிக் குனிகிறபோது மருமகள் ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவும் கண்ணில் படும், மாமியார் ஒளித்து வைத்த வெற்றிலைப் பெட்டியும் கண்ணில் படும். அதையெல்லாம் யாரிடமும் ஒரு சொல் சொல்லமாட்டாள். தொட்டியை மூடாமல் போட்டிருந்தால் மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

அவள் புருஷன் பிச்சுமணி குற்றாலத்தில் பரோட்டா மாஸ்டர். "ராத்திரி நான் வாயத் திறந்து தூங்குனா அதுலயும் டார்ச் அடிச்சுப் பாக்கா வே" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய். ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள்.

இந்த வேலையில் அவளுக்கு ஒரே ஒரு தலைவலி, ஆறுமுகநயினார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஓடாத பஸ்ஸில்கூட விசில் அடிக்கிற ஆள். அவருக்குக் கொசு மருந்து என்றால் புகைதான். புகை வராத எதுவும் அவர் கணக்கில் வேலையே இல்லை.

"ஏட்டி முத்துலட்சுமி, பொக எங்கட்டி? தெனம் வாரே, கிண்ணத்தக் காட்டுதே, போறே. இது என்ன கோயில்ல தீர்த்தம் குடுக்கதா?"

"அண்ணாச்சி, பொக பறக்க கொசுவத்தான் கொல்லும். தண்ணிக்குள்ள கெடக்க புழுவுக்கு அது சாம்பிராணி போட்ட மாதிரி. சொகமா இருக்கும்."

"எனக்குச் சொல்லித்தாரியா? முப்பது வருசம் வண்டில போனவன் நான்."

"வண்டிலதான அண்ணாச்சி போனிய. கொசுவுலயா போனிய?"

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் பிறந்தது. மலையில் மேகம் இறங்கியது, சாரல் விழுந்தது, குற்றாலத்துக்கு வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். குத்துக்கல்வலசைக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் மேலத் தெருவில் ஒரு கல்லூரிப் பையன் படுத்தான். அடுத்த நாள் அவன் சித்தி சுகந்தி. மூன்றாவது நாள் ஆறுமுகநயினாரின் மனைவி முருகம்மாள். அந்த அம்மாளுக்கு எலும்பெல்லாம் உடைத்துப் போட்ட மாதிரி வலி. பெரியாஸ்பத்திரியில் சேர்த்து பாட்டில் ஏற்றினார்கள். டெங்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆறுமுகநயினார் அன்றைக்கு விசில் அடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே மேற்பார்வையாளர் விஸ்வநாதன் வந்தார். முப்பத்தைந்து வயசு ஆள். ஷூவில் சேறு படக்கூடாது என்று தெருவில் கோலத்தைத் தாண்டுகிற மாதிரி நடப்பார்.

"ஏம்மா, மூணு கேசும் ஒரே தெரு. இந்தக் கொசு ஆலங்கொளத்துல இருந்து பஸ் ஏறியா வரும்? நாலஞ்சு வீடு தாண்டிப் பறக்கவே யோசிக்கும். இந்தத் தெருவுலதான் எங்கனயோ நல்ல தண்ணில முட்டை போட்டுருக்கு. நீங்க என்ன பாத்திய?"

"ஒரு வீடு விடாம பாத்துருக்கேன் சார்."

"சனிக்கிழமை நான் திரும்ப வருவேன். அதுக்குள்ள அந்த எடத்தக் காட்டணும். இல்லன்னா இந்தத் தெருவுக்கு வேற ஆளப் போட்டுட்டு ஒங்கள புளியறைக்கு மாத்தச் சொல்லிட்டாவ. கேரளா செக்போஸ்டுல நிக்க லாரி டயர்ல தண்ணி கெடக்கான்னு பாக்கணும். அங்கனயும் ஆள் வேணும்."

முத்துலட்சுமிக்குப் புளியறை வேண்டாம். தூரம் என்பதற்காக இல்லை. டயர் பேசாது. டயர் மோர் கொடுக்காது. இருபத்திரண்டு வருடம் நாலு சுவருக்குள் கிடந்தவளுக்கு இந்த எழுபது அடுக்களைகள்தான் ஊர், உலகம், திருவிழா எல்லாம். அதைப் பிடுங்கி லாரிக்கு நடுவில் நிறுத்தப் பார்க்கிறார்கள். சனிக்கிழமைக்கு இன்னும் நாலே நாள்.

புதன்கிழமை கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி வந்தது. ஆறுமுகநயினார் கவுன்சிலர் வீட்டு வாசலில் உட்கார்ந்து வரவழைத்தது. வண்டி 'டர்ர்ர்' என்று தெருவுக்குள் நுழைந்ததும் அவர் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் அசைத்து, "ரைட், ரைட், இன்னும் கொஞ்சம் உள்ள, லெஃப்ட்ல ஒடி" என்று வழி சொன்னார். புகையில் அவரே மறைந்து போனார். குரல் மட்டும் வந்தது. தெருவிலிருந்த துணியெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. ரசம் வைத்தவர்கள் ரசத்தைக் கீழே ஊற்றினார்கள். ஆனாலும் தெருவுக்கே சந்தோஷம். புகையைக் கண்டால் சந்தோஷம் வருகிற மனிதர்களை என்ன சொல்ல முடியும்?

மறுநாள் காலை பத்து மணிக்கு, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆறுமுகநயினாரின் கெண்டைக்காலில் கொசு கடித்தது. கறுப்புக் காலில் வெள்ளை வரி போட்ட அதே கொசு.

"நேத்துதானட்டி பொக அடிச்சோம்?"

"அடிச்சிய அண்ணாச்சி. நேத்துப் பறந்தது செத்துருக்கும். இன்னிக்குப் பொறந்தது வந்துருக்கு. இதுக்கு நேத்து நடந்தது தெரியாதுல்லா."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "வீட்டுக்காரி ஆஸ்பத்திரில கெடக்கா. எங்கதான்ட்டி இருக்கு அந்தச் சனியன்? மாடியில தொட்டியப் பாக்கணும்னா பாரு" என்றார். மூன்று வருடமாக மாடிக் கதவைத் திறந்துவிடாத மனுஷன் அன்று சாவியைக் கையில் கொடுத்தார்.

அவர் தொட்டியில் ஒன்றுமில்லை. மூடி இறுக்கமாக இருந்தது. முத்துலட்சுமி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். அப்போதுதான் பக்கத்து மனையில் மலை தலைகீழாகக் கிடப்பதைக் கண்டாள்.

அது ஹபீபுல்லாவின் புதுவீடு. வீடு என்று சொல்லக்கூடாது. தூண் நிறுத்தி, தளம் போட்டு, அத்தோடு நின்றிருந்தது. கதவு கிடையாது, கதவு எண் கிடையாது. அதனால் முத்துலட்சுமியின் நோட்டிலும் கிடையாது. தெருவிலிருந்து பார்த்தால் அடைப்புத் தகரம் மட்டும் தெரியும். மேலே இருந்து பார்த்தால்தானே சங்கதி! சிமெண்ட் காய்ந்து வெடித்துவிடாமல் இருக்க, தளத்தின் மேல் சின்னச் சின்ன வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள் அல்லவா, அந்தப் பாத்திகள். நாற்றங்கால் மாதிரி இருபது பாத்தி. எல்லாவற்றிலும் கண்ணாடி போலத் தண்ணீர், தண்ணீருக்குள் குற்றால மலை.

அவள் வாயைத் திறந்தபடி நிற்கும்போதே கீழே ஆளில்லாத இடத்தில் மோட்டார் தானாக ஓடியது. குழாய் தானாகத் துள்ளியது. தண்ணீர் தானாகப் பாத்திக்குள் பாய்ந்தது.

"அண்ணாச்சீ, அங்கன பேய் தண்ணி பாச்சுது!"

"பேய் இல்லட்டி. ரியாத்துல இருந்து ஹபீபுல்லா போனுல அமுக்குதான். மோட்டாருக்கு ஏதோ கருவி மாட்டிருக்கான். தெனம் மூணு நேரம் பாயும், சாப்பாடு மாதிரி."

ஹபீபுல்லாவின் மனைவி மாஜிதா அதே தெருவில் வாடகை வீட்டில் இருந்தாள். முத்துலட்சுமி மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்றாள்.

"மாஜிதா, தளம் போட்டு எத்தன நாளாச்சு?"

"நாப்பத்திரெண்டு நாளுக்கா. கொத்தனார் யாக்கூப் மூணு வாரம் தண்ணி நிறுத்துனாப் போதும்னுட்டு செங்கோட்டைக்கு வேற வேலைக்குப் போயிட்டாரு. ரியாத்துல இருக்க மச்சான்தான், மூணு வாரத்துல ஒரப்பு வருதுன்னா ஆறு வாரம் வச்சா ரெண்டு மடங்கு ஒரப்பு வரும்னு சொல்லுதாக."

"மழயும்லா பெய்யுது? மழை பெய்யும்போதுமா தண்ணி பாச்சுதாரு?"

"மழத்தண்ணிய நம்ப முடியாதாம்."

"அடைப்புத் தகரத்துச் சாவியக் குடு."

மாஜிதா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "கேமரா இருக்குக்கா. ஒரு காக்கா வந்து உக்காந்தாக்கூட எனக்குப் போன் வரும்."

"போன் வரட்டும். நானும் அவரத்தான் பாக்கணும்."

மாஜிதா முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். ஆறுமுகநயினார் கொடுத்த ஏணியை வைத்து மேலே ஏறினாள் முத்துலட்சுமி. முழங்கால் இரண்டும் முனகின. தளத்தில் கால் வைத்ததுதான் தாமதம், நடுவில் நட்டிருந்த சவுக்குக் கம்பின் உச்சியிலிருந்து ஒரு குரல் கர்ஜித்தது.

"யாரும்மா அது? எறங்கு, எறங்கு! தளத்துல ஏறாத!"

அவள் கம்பைப் பார்த்துக் கும்பிட்டாள். உள்ளங்கை அளவு கேமரா.

"தம்பி, நான் முத்துலட்சுமி. கொசுப்புழு பாக்க வந்தேன். நல்லா இருக்கியளா? சாப்ட்டியளா?"

"அக்கா, இங்க மணி எட்டரை, வேலைக்கு நிக்கேன். நீங்க எறங்குங்க."

"இந்தத் தண்ணிய வடிச்சிரணும் தம்பி. ஒண்ணு விடாம அத்தன பாத்திலயும் புழு."

"வடிச்சாத் தளம் வெடிச்சிரும்!"

"அப்ப மருந்தாவது ஊத்துதேன்."

"மருந்து பட்டா சிமெண்ட் எளகிரும்!"

"குடிக்க தண்ணிலயே ஊத்துத மருந்து தம்பி. மனுசன் எளகல, சிமெண்டா எளகும்?"

அவள் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு மேலே தூக்கிக் காட்டினாள். கிண்ணத்துக்குள் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன.

"ஒண்ணும் தெரியலக்கா. வெறுந்தண்ணிதான் தெரியுது. நான் ரெண்டு மாசத்துல லீவுல வாரேன், வந்து பாத்துக்கிடலாம். இப்ப எறங்குங்க." அவள் அசையவில்லை என்றதும் அவன் கோபத்தில் போனை அமுக்கியிருக்க வேண்டும். மோட்டார் ஓடியது. குழாய் துள்ளி எழுந்து முத்துலட்சுமியைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் இறங்கியிருப்பார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூலையில் கிடந்த சிமெண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கேமராவுக்கு நேராக உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருபத்திரண்டு வருடம் பழகியவளிடம் இந்த விளையாட்டு நடக்குமா?

பதினொரு மணிக்கு உட்கார்ந்தவள் பன்னிரண்டுக்கும் இருந்தாள். சாரல் விழுந்தது, குடையை விரித்தாள். ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்து, "புளிச்சோறு தம்பி, வேணுமா?" என்று கேமராவுக்குக் காட்டிவிட்டுச் சாப்பிட்டாள். ஆறுமுகநயினார் தன் மாடியிலிருந்து அப்பளம் எறிந்தார். அது பாத்திக்குள் விழுந்தது.

"ஏலே ஹபீபு!" என்று அவர் கேமராவைப் பார்த்துக் கத்தினார். "எங்க வீட்டம்மா ஆஸ்பத்திரில கெடக்காடே! ஒன் தளத்துல வளந்த கொசுதாம்லே கடிச்சிருக்கு!"



இங்கே மணி இரண்டரை ஆனபோது ரியாத்தில் பன்னிரண்டு, சாப்பாட்டு நேரம். ஹபீபுல்லா அறைக்குப் போய்க் குப்பூஸ் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போனைப் பார்த்தான். அவள் இன்னும் இருந்தாள். அறையில் இருந்த மற்றவர்களும் கூடிவிட்டார்கள். கேமராவிலிருந்து ஐந்தாறு குரல் வந்தது.

"லே, இந்த அக்கா இன்னுமா உக்காந்துருக்கு?" அது அகமது கபீர், கடையநல்லூர்க்காரன்.

முத்துலட்சுமி எழுந்தாள். மஞ்சள் பையிலிருந்து கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்துப் பாத்தித் தண்ணீரை நிரப்பினாள். கவிழ்த்த வாளிமேல் ஏறி, சவுக்குக் கம்பை ஒரு கையால் கட்டிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலைக் கேமராவின் கண்ணோடு ஒட்ட வைத்தாள்.

ரியாத்தில் ஒரு அலறல் கேட்டது. மூன்றாவது மாடியில் படுத்திருந்த எகிப்துக்காரர் இறங்கி வந்து என்ன என்று விசாரித்ததாக அகமது கபீர் பிற்பாடு சொன்னான். போன் நிறைய முடி முளைத்த புழு! அதற்குக் கண் இருந்தது, கொம்பு இருந்தது, வாலை ஆட்டிக்கொண்டு எல்லாரையும் பார்த்தது. ஹபீபுல்லாவின் கையிலிருந்த ரொட்டி குழம்புக்குள் விழுந்தது.

"தம்பி, இப்ப தெரியுதா?"

"அக்கா, எடுங்க, எடுங்க, சாப்புட்டுக்கிட்டு இருக்கோம்!"

"லே, யாக்கூபுக்குப் போனைப் போடுலே!" என்றான் கபீர். போட்டார்கள். கொத்தனாரின் குரல் செங்கோட்டையிலிருந்து ரியாத் போய், ரியாத்திலிருந்து குத்துக்கல்வலசைக் கம்புக்கு வந்தது.

"என்னது, இன்னுமா தண்ணி நிக்கி? அது ஒறச்சு மூணு வாரமாச்சு முதலாளி. இனிமே நீச்சல் பழகத்தான் ஆவும். மனசு கேக்கலன்னா நனைச்ச சாக்கப் போட்டு விடச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஹபீபுல்லா மட்டும் சிரிக்கவில்லை. பிறகு அவன் குரல் தனியாக வந்தது. கர்ஜனை இல்லாத குரல்.

"ஒறச்சது எனக்கும் தெரியும்க்கா. இங்க அம்பது டிகிரி காயுது. ஷிப்டு முடிஞ்சு வந்து படுத்தா அந்தத் தண்ணியத்தான் பாப்பேன். அதுல நம்ம மலை தெரியும். சாரல் விழுந்தா புள்ளி புள்ளியா வட்டம் போடும். நாலு வருசமாச்சு சாரல்ல நனைஞ்சு. வத்திருச்சுன்னா வெறும் சிமெண்டத்தான் பாக்கணும்."

கீழே நின்ற மாஜிதா மேலே பார்க்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆறுமுகநயினார் மூக்கைச் சிந்தினார்.

முத்துலட்சுமி இளகவில்லை. இளகினாள், ஆனால் தண்ணீர் விஷயத்தில் இளகவில்லை. வாளியிலிருந்து இறங்காமலே கம்பைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள்.

"கூறுகெட்ட தம்பி, தண்ணிக்குள்ள மலையப் பாக்கதுக்கு நேரா மலையவே பாத்தா என்ன?" என்று சொல்லிக் கேமராவைக் கையால் பிடித்து மேற்கே திருப்பினாள்.

மேகம் பாதி மூடிய மலை, நடுவில் வெள்ளைக் கோடாக அருவி, முன்னால் சாரல் சாய்ந்து விழுகிறது. ஐந்தாறு ஆண்கள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு போனைப் பார்த்து நின்றார்கள்.

"வடிச்சிருங்கக்கா" என்றான் ஹபீபுல்லா.

அவள் கொத்தனார் விட்டுப்போன கரண்டியை எடுத்து வரப்புகளை வெட்டிவிட்டாள். இருபது பாத்தித் தண்ணீரும் தளத்தின் விளிம்பில் வழிந்து மணலில் விழுந்து காணாமல் போயிற்று. மணலில் நெளிந்த புழுவை மாஜிதாவின் கோழிகள் ஒரு கை பார்த்தன. மாஜிதாவும் அவளுமாக எட்டுச் சாக்கை நனைத்து விரித்தார்கள்.

சனிக்கிழமை விஸ்வநாதன் வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார், வெட்டிய வரப்பைப் பார்த்தார், பாட்டிலில் பிடித்து வைத்த புழுவைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். முருகம்மாளுக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்திருந்தது. புதிதாக ஒருவரும் படுக்கவில்லை.

"சரிம்மா. இந்தத் தெருவ நீங்களே பாத்துக்கிடுங்க. புளியறைக்கு வேற ஆளப் பாக்கேன்."

முத்துலட்சுமி நன்றி சொல்லுவாள் என்று அவர் நின்றார். அவள் நோட்டை விரித்து நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் கதவு எண் இல்லாமல் ஐந்து கோடு போட்டிருந்தாள்.

"சார், நம்ம சுத்துல இன்னும் அஞ்சு தளம் இப்படித்தான் நிக்கி. ஒண்ணு தோஹா, ரெண்டு துபாய், ஒண்ணு மஸ்கட், ஒண்ணு செங்கோட்டை. செங்கோட்டைக்காரருதான் ரொம்பக் கோவக்காரராம். எனக்கு ஆபீசுல இருந்து ஒரு ஏணி வேணும்."

"ஏணிக்கெல்லாம் ஆபீசுல எடம் கெடையாதும்மா."

"சரி. ஆறுமுகநயினார் அண்ணாச்சி ஏணி தருவாவ. பிடிக்கத்தான் ஆள் இல்ல, அவருக்கு முதுகு வலி." அவள் மஞ்சள் பையைத் தோளில் ஏற்றினாள். "நீங்க பிடிச்சுக்கிடுங்க."

அன்று மத்தியானம் வரைக்கும் மேலத் தெருவில் நடந்தது இதுதான். மேற்பார்வையாளர் வெறுங்காலோடு சேற்றில் நின்று இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி மேலே ஏறிக்கொண்டிருந்தாள். ஆறுமுகநயினார் எதிர்வீட்டு நிழலில் நின்றுகொண்டு, "ரைட், ரைட், போலாம்" என்று விசில் அடித்தார்.